அசையா உழைப்பின் வரலாறு



உழைப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவோர் யாவர்? மண்வெட்டி பிடிப்பவர், மூட்டை தூக்குபவர், தேர்வடம் இழுப்பவர் ஆகியோரே. அவர்கள் அசைகின்றனர், வியர்வை சிந்துகின்றனர், மூச்சு வாங்குகின்றனர். ஆகவே அவர்கள் களைத்தார்கள் என்றால் நாம் உடனே நம்பிவிடுகிறோம். ஆனால் காலை முதல் இரவு வரை துணிக்கடையில் ஓரிடத்தில் நின்ற பெண்ணோ, நாள் முழுதும் தோளைச் சற்றே உயர்த்தியபடி தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்த தொழிலாளியோ, ஏட்டின் மீது கவிழ்ந்து எழுதிய குமாஸ்தாவோ, "உடம்பு வலிக்கிறது" என்றால், "சும்மா நின்றதற்கா இத்தனை களைப்பு?" என்று கேட்கத் தயங்குவதில்லை.

அந்தக் கேள்விக்கு விடை காண மருத்துவ உலகம் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. அந்த உழைப்பின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒரு சிறு சோதனை. நீங்கள் இருக்கும் இடத்திலேயே வலக்கையைத் தோள் உயரத்திற்குப் பக்கவாட்டில் நீட்டுங்கள். கையில் எதையும் பிடிக்க வேண்டாம். ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது மூன்று கிலோ அளவில் இருக்கும். அதனை மட்டும் தாங்குங்கள். தாழ்த்தியே ஆக வேண்டும் என்று தோன்றும் பொழுது தாழ்த்திக் கொள்ளலாம். இதே கையை வீசிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தாலும் தோள் வலிப்பதில்லை. நீட்டி நிறுத்தினாலோ சில நிமிடங்களில் தோளில் கனல் மூள்கிறது. அதே கை, அதே எடை. வேறுபாடு என்ன?

பௌதிக வகுப்பில் இந்தப் புதிர் ஆண்டுதோறும் எழும். விசையையும், அவ்விசை சென்ற தொலைவையும் பெருக்கினால் வருவது வேலை என்று ஆசிரியர் கற்பிக்கிறார். தலையில் சுமையுடன் ஓரிடத்தில் நிற்பவன் செய்யும் வேலை சூனியம் என்றும் கூறுகிறார். உடனே பின் வரிசையில் ஒரு மாணவன் எழுந்து, "அப்படியானால் அவனுக்கு ஏன் ஐயா கழுத்து வலிக்கிறது?" என்று கேட்பான். என் பணிக்காலத்தில் இக்கேள்வி எழாத ஆண்டு இல்லை எனலாம். கணக்கு பொய்யன்று, ஆனால் தசை கற்றூண் அன்று. கற்றூண் எதையும் செலவிடாமல் தாங்குகிறது. தசையோ, தன்னுள் இருக்கும் எண்ணற்ற நுண்ணிழைகள் பற்றியும் விட்டும் மீண்டும் பற்றியும் இழுப்பதாலேயே தாங்குகிறது. வெளியே அசைவில்லை, உள்ளே ஓயாத இழுபறி. அதற்கு எரிபொருள் வேண்டும், பிராணவாயு வேண்டும், கழிவுகளை அகற்ற இரத்த ஓட்டமும் வேண்டும்.

இந்த உண்மையின் ஒரு கீற்றைக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே கண்டவர் காலன் என்னும் கிரேக்க மருத்துவர். பெர்கமம் நகரில் பிறந்து உரோமாபுரியில் புகழ் பெற்றவர் அவர். தசைகளின் இயக்கம் பற்றி எழுதிய நூலில், நீட்டிய கை அசையாதிருப்பினும் அதன் தசைகள் செயற்பட்டுக்கொண்டே இருக்கின்றன என்று அவர் விளக்கினார். ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்து நீந்துபவன் தன் முழு வலிமையையும் காட்டியும் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றுகிறான் அல்லவா? அவனை ஓய்ந்திருப்பவன் என்று யார் சொல்வார்? அசையாத தசையும் அத்தகையதே என்பது அவர் காட்டிய உவமை.

இவ்வறிவைத் தொழிற்கூடத்திற்கும் கடைத்தெருவிற்கும் கொண்டு வந்தவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸீனி. 1633-இல் கார்ப்பி என்னும் ஊரில் பிறந்த இவர், 1700-ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டியவை என்று பண்டைய ஹிப்பாக்கிரட்டீஸ் வகுத்த கேள்விகளுடன், "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்ற ஒரு கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் இவர். எளிய கேள்விதான், ஆயினும் தொழில் மருத்துவம் என்னும் துறைக்கே அது வித்து.

நின்றுகொண்டு வேலை செய்வோரைப் பற்றி அந்நூலில் ஒரு பகுதி உண்டு. சிறிது நேரம் நிற்பதுகூட நடப்பதைவிடக் களைப்புத் தருவது ஏன் என்று ராமஸ்ஸீனி வினவுகிறார். நடக்கும்பொழுது தசைகள் முறை வைத்து உழைக்கின்றன. ஒன்று இறுகும்பொழுது மற்றொன்று தளர்கிறது. நிற்கும்பொழுதோ அதே தசைகள் ஓய்வின்றி இறுகியே நிற்கின்றன. காலன் கூறிய கருத்தையே அடிப்படையாகக் கொண்டு இவ்விடையைத் தருகிறார். நிற்போர் இடையிடையே உட்காரவோ நடக்கவோ வேண்டும் என்பது அவர் காட்டிய மருந்து.

1713-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் எழுத்தரைப் பற்றியும் அவர் எழுதினார். ஓயாது உட்கார்ந்திருத்தல், கையை ஒரே வகையில் இடைவிடாது இயக்குதல், பிழை நேராதவாறு மனத்தைக் குவித்தல் ஆகிய மூன்றும் அவர்தம் துன்பத்திற்குக் காரணம் என்றார். தாம் அறிந்த ஒரு பத்திர எழுத்தரின் கதையையும் பதிவு செய்துள்ளார். வாழ்நாள் எல்லாம் எழுதிய அவருக்கு முதலில் வலக்கை முழுதும் அயர்ந்தது. பின்னர் அது செயலற்றே போயிற்று. மனம் தளராத அம்மனிதர் இடக்கையால் எழுதப் பழகினார். சில காலத்தில் அதே நோய் இடக்கையையும் பற்றியது. எழுதுகோலின் எடை எவ்வளவு? ஒரு கோழி இறகின் எடைதான். அவரை வீழ்த்தியது அந்த எடையன்று, ஓய்வில்லாமையே.

இத்துணைத் தெளிவாகச் சொல்லப்பட்ட உண்மையைப் பின்வந்த உலகம் எளிதில் ஏற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலுவலகங்கள் பெருகின. எழுத்தரின் கைப்பிடிப்பு நோயும் பெருகிற்று. அதன்பின் தந்தி வந்தது. தந்தி அடிப்பவரின் விரல் விசையைத் தட்டிக்கொண்டே இருக்கும்; முன்கையும் தோளும் கழுத்தும் அதற்காக அசையாது தாங்கி நிற்கும். பிரிட்டனில் 1908-இல் தந்தித் தொழிலாளரின் கைப்பிடிப்பு, நஷ்டஈடு பெறத்தக்க தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆயினும் 1911-இல் இதனை ஆராய்ந்த அஞ்சல் துறைக் குழு, அடுத்தடுத்து நேரும் களைப்பு ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்ட அதே வேளையில், தொழிலாளரின் நரம்பு உறுதியின்மை மற்றொரு காரணம் என்றும் எழுதி வைத்தது. குற்றத்தில் ஒரு பாதி வேலையின் மீது விழுந்தது. மறு பாதி வேலை செய்தவன் மீதே விழுந்தது. அசையாதவனின் வலியை உலகம் ஐயத்துடனே நோக்கி வந்தது என்பதற்கு இது சான்று.

ஐயத்தைத் தீர்க்க அளவை வேண்டும். களைப்பை அளந்து காட்டிய பெருமை, டூரின் நகரப் பேராசிரியர் ஆஞ்செலோ மோஸ்ஸோவுக்கு உரியது. 1846-இல் பிறந்த இவர் ஒரு தச்சரின் மகன். உழைப்பின் அயர்வை நூல்களில் மட்டுமன்றித் தம் வீட்டிலும் கண்டிருப்பார். உழைப்பு வரைமானி என்னும் ஒரு கருவியை இவர் அமைத்தார். கையைப் பலகையோடு சேர்த்துப் பிணைத்து, நடுவிரலில் கயிறு கட்டி, அக்கயிற்றின் மறுமுனையில் எடை தொங்கவிடுவார். விரலை மடக்குந்தோறும் எடை உயரும். புகை படிந்த உருளையின் மேல் ஒரு முள் அவ்வுயரத்தைக் கோடாக வரையும். களைப்பு மிக மிகக் கோடுகள் குறுகும். இறுதியில் விரல் அசையாது நின்றுவிடும். 1891-இல் 'களைப்பு' என்னும் பொருள்படும் பெயருடன் அவர் வெளியிட்ட நூலில் இச்சோதனைகள் விரிவாக உள்ளன.

அவற்றுள் இரண்டு நம் பொருளுக்கு இன்றியமையாதவை. மோஸ்ஸோவின் துணைவரான மஜ்ஜோரா என்பவர் ஆறு கிலோ எடையை விரலால் உயர்த்தினார். விரைவாக அடுத்தடுத்து உயர்த்தியபொழுது விரல் சோர்ந்தது. ஒவ்வொரு முறைக்கும் இடையே பத்து வினாடி ஓய்வு தந்தபொழுது களைப்பின் சுவடே தோன்றவில்லை. இஃது ஒன்று. முப்பது முறை உயர்த்தித் தசையை முற்றிலும் சோர வைத்தால் அது தெளிய இரண்டு மணி நேரம் தேவைப்பட்டது. பதினைந்து முறையோடு நிறுத்திக்கொண்டாலோ, நாம் கணக்கிடுவதுபோல் ஒரு மணி நேரம் தேவைப்படவில்லை. அரை மணியே போதுமாயிற்று. இஃது இரண்டாவது. வேலை பாதியானபொழுது தேவையான ஓய்வு காற்பங்காயிற்று என்பதைக் கவனியுங்கள். களைத்தபின் செய்யும் சிறு வேலைக்குத் தசை பெரும் வட்டி கேட்கிறது. கடன் சிறிதாக இருக்கும்பொழுதே தீர்ப்பவனுக்கு வட்டி குறைவு.

மேல்கைத் தமனியை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுத்தால் களைப்பு விரைந்து வருகிறது என்பதையும் மோஸ்ஸோ காட்டினார். அசையா உழைப்பின் மறைபொருளுக்கு இதுவே முதற்சாவி. இறுகிய தசை தன்னுள் ஓடும் இரத்தக் குழாய்களைத் தானே நசுக்குகிறது. 1939-இல் பார்க்ராஃப்டும் மில்லனும் கெண்டைக்கால் தசையில் இதனை அளந்தனர். தசை வலுவாக இறுகினால் இரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது, மெல்ல இறுகினால் நிற்பதில்லை, மாறாக மிகுகிறது. நடப்பவனின் தசை இறுகித் தளரும்பொழுது, துருத்திபோல் இயங்கிப் பழைய இரத்தத்தை வெளியேற்றிப் புதிய இரத்தத்தை ஏற்றுக்கொள்கிறது. இறுகியே நிற்கும் தசைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்நிலையில் ஓர் எண்ணம் இயல்பாக எழுந்தது. இரத்த ஓட்டம் தடைபடாத அளவுக்கு விசை சிறிதாக இருந்தால், தசை எவ்வளவு நேரமும் தாங்கலாம் அல்லவா? ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரில் உழைப்பியலை ஆராய்ந்த வால்ட்டர் ரோமர்ட் 1960-இல் புகழ்பெற்ற ஒரு வளைகோட்டை வெளியிட்டார். ஒருவர் தம் உச்ச வலிமையில் பாதியைச் செலுத்தினால் ஏறத்தாழ ஒரு நிமிடமே தாங்க முடியும். விசை குறையக் குறைய நேரம் நீள்கிறது. உச்ச வலிமையில் 15 விழுக்காட்டிற்குக் கீழே விசை இறங்கினால் காலவரையறையின்றித் தாங்கலாம் என்று அவ்வளைகோடு சொல்லிற்று. இருபது கிலோவைத் தூக்க வல்ல தசைக்கு மூன்று கிலோ ஒரு பொருட்டன்று என்பது இதன் பொருள். பொறியாளர்கள் இவ்விதியை விரும்பி ஏற்றனர். இந்த எல்லைக்குள் வேலை அமைந்துவிட்டால் தொழிலாளி களைக்க நியாயமில்லை என்று கருதப்பட்டது. (நேயர்களின் கை இந்நேரம் தாழ்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.)

ஆனால் தொழிற்கூடங்களில் கழுத்து வலியும் தோள் வலியும் தீரவில்லை. மின்பொருள்களைக் கோப்பவர், தட்டச்சு செய்பவர், பொட்டலம் கட்டுபவர் ஆகியோர் செலுத்திய விசை அந்த எல்லைக்கும் வெகுவாகக் கீழே இருந்தது; வலியோ மிகுதியாக இருந்தது. வளைகோட்டை நம்புவதா, வலிப்பவரை நம்புவதா என்பதே அன்று எழுந்த கேள்வி. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் வலிப்பவரை நம்பி, சோதனையை நீட்டினர். 1977-இல் பியார்க்ஸ்டெனும் யோன்ஸனும் கண்டது இது: ஒரு மணி நேரம் இடைவிடாது தாங்க வேண்டுமாயின் எல்லை 15 விழுக்காடன்று, ஏறத்தாழ 8 விழுக்காடே. பின்னர் யோன்ஸன் முழுவேலை நாளுக்கு வகுத்த அளவு இன்னும் கடுமையானது. நாள் முழுதும் நீடிக்கும் நிலைச்சுமை 2 விழுக்காட்டைத் தாண்டாதிருத்தல் நலம். 5 விழுக்காட்டைத் தாண்டவே கூடாது என்றார். மூன்று கிலோ என்று தொடங்கிய எல்லை நானூறு கிராமுக்கு இறங்கிவிட்டது. சில நிமிடச் சோதனையிலிருந்து எட்டு மணி நேர வேலைக்கு விதி செய்தல் ஆகாது என்பது இதனால் விளங்கிய படிப்பினை.

அடுத்து டென்மார்க்கில் கிசெலா ஸியோகோர் முதலியோர் 1980-களில் செய்த ஆய்வு. தொடைத் தசையை உச்ச வலிமையில் 5 விழுக்காடு அளவே இறுக்கி ஒரு மணி நேரம் வைத்திருக்கச் செய்தனர். இரத்த ஓட்டம் குறையவில்லை. இருந்தும் மணி முடிவில் தசையின் வலிமை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. ஆகவே இரத்தக் குறைவு மட்டுமே காரணமன்று. இழைகள் இறுகுந்தோறும் அவற்றினுள் இருக்கும் பொட்டாசியம் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. ஓய்வின்றி இறுகினால் போனது முழுதும் திரும்புவதில்லை. இழையின் கட்டளை ஏற்கும் திறன் மங்குகிறது என்று அவர்கள் விளக்கினர். லண்டனில் எட்வர்ட்ஸ் முதலிய நால்வர் 1977-இல் வெளியிட்ட ஆய்வோ, சில வகைக் களைப்பு ஓய்வெடுத்த பின்பும் ஒரு நாளுக்கு மேல் தசையில் தங்குகிறது என்று காட்டியது. அந்நிலையில் முழு வலிமையைக் காட்டச் சொன்னால் தசை காட்டிவிடும். சிறு வேலைக்கே தடுமாறும். மாலையில் வலிக்கிறது என்பவரைச் சோதித்து, "உன் பலம் குறையவில்லையே" என்று அனுப்பிவிடுவது எவ்வளவு தவறு என்பது இதனால் புலனாகும்.

இனி, மொத்தத் தசைக்கு மிகச் சிறிதாகத் தோன்றும் விசை எவ்வாறு தீங்கு செய்கிறது என்பதைக் காண்போம். அமெரிக்க அறிஞர் எல்வுட் ஹென்னமன் 1957-லும் 1965-லும் வெளியிட்ட ஆய்வுகளில் ஓர் ஒழுங்கைக் கண்டார். தசையிழைகள் குழுக்குழுவாக அமைந்து, குழுவிற்கு ஒரு நரம்பணுவின் கட்டளைப்படி இயங்குகின்றன. வேலை தொடங்கும்பொழுது சிறிய குழுக்களே முதலில் அழைக்கப்படுகின்றன. விசை மிகுந்தால்தான் பெரியவை வருகின்றன. வேலை முடியும்பொழுது பெரியவை முதலில் விடுபடுகின்றன. சிறியவை கடைசியில்தான் விடுபடுகின்றன. எனவே இலேசான வேலை நாள் முழுதும் நீடித்தால், பெருங்குழுக்கள் உறங்கிக் கிடக்க, அதே சிறு குழுக்கள் விடாது உழைக்கின்றன.

இதனை அடிப்படையாகக் கொண்டு, ஸ்வீடனின் யோரன் ஹேக் 1991-இல் ஒரு கருதுகோளை முன்வைத்து, அதற்குச் சிண்டரெல்லா என்று பெயரிட்டார். மேனாட்டுக் கதையில் வரும் அந்த மாற்றாந்தாய்க் கொடுமைக்கு ஆளான பெண், வீட்டில் எல்லோருக்கும் முன் எழுந்து, எல்லோரும் உறங்கிய பின் உறங்குபவள். தசையிலும் அத்தகைய இழைகள் உண்டு என்பது ஹேக்கின் கருத்து. தசை முழுதுக்கும் 2 விழுக்காடு என்று நாம் கணக்கிடும் சுமை, அந்தச் சில இழைகளுக்கு முழுச் சுமை. சராசரி கணக்குப் பார்ப்பவர் கண்ணில் அவை படுவதே இல்லை. குடும்பத்தின் வேலையை எல்லாத் தலைகளுக்கும் பகிர்ந்து சராசரி கண்டு, "இவ்வீட்டில் வேலை குறைவு" என்று சொன்னால், அடுப்படியில் இருப்பவள் என்ன நினைப்பாள்?

நார்வேயில் வைர்ஸ்டெட் முதலியோர் பொட்டலம் கட்டும் பெண் தொழிலாளரின் தோள் தசையில் எழும் நுண்ணிய மின்னலைகளைப் பதிவு செய்து, 1990-லும் 1993-லும் முடிவுகளை வெளியிட்டனர். வலி வந்தவர்க்கும் வாராதவர்க்கும் விசையில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு இருந்தது இடைவெளிகளில். வலி வாராதவரின் தசை, ஒரு வினாடியின் ஒரு சிறு பங்கே ஆயினும், அடிக்கடி முற்றிலும் தளர்ந்தது. அவர்களும் அறியாத இமைப்பொழுது ஓய்வு அது. வலி வந்தவரின் தசையில் அத்தகைய இடைவெளிகள் குறைவு. பின்வந்த ஆய்வுகள் யாவும் இதனை ஒரே அளவில் உறுதி செய்யவில்லை; சிண்டரெல்லாக் கருத்தும் இன்னும் கருதுகோளே. எனினும் ராமஸ்ஸீனி முதல் மஜ்ஜோரா வழியாக வைர்ஸ்டெட் வரை வந்த பாதை ஒரே திசையையே காட்டுகிறது: சுமையைக் குறைத்தால் மட்டும் போதாது, ஓய்வை இடையிட வேண்டும்.

இவ்வறிவு சட்டத்தை எட்டியது எப்பொழுது? பிரிட்டனில் 1899-இல் கடைப் பணிப்பெண்களுக்கான இருக்கைச் சட்டம் இயற்றப்பட்டது. மூவருக்கு ஓர் இருக்கையேனும் வைக்க வேண்டும் என்றது அது. நம் பக்கத்திலோ, துணிக்கடைப் பெண்கள் நெடுநாள் போராடிய பின், கேரள அரசு 2018-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையை வழங்கிற்று. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டு, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தரப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ராமஸ்ஸீனி நூல் எழுதி முந்நூற்று இருபத்தோர் ஆண்டுகள் கழிந்த பின், நின்றவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. சட்டம் நாற்காலியைத்தான் தரும். அதில் ஒருவர் அமரும்பொழுது முகம் சுளிக்காத முதலாளியையும், "உட்கார்ந்தே எடுத்துக் காட்டுங்கள் அம்மா" என்று சொல்லும் வாடிக்கையாளரையும் நாம்தான் தர வேண்டும்.

பள்ளிகளுக்கும் இதில் பாடம் உண்டு. சிறுவனைப் பெஞ்சின் மேல் ஏற்றிக் கைகளை உயர்த்தி நிற்கச் செய்வதை, அடியைவிட மென்மையான தண்டனை என்று எண்ணியவர் பலர். அதில் எவ்வளவு மென்மை உண்டு என்பதைச் சற்று முன் கையை நீட்டிப் பார்த்த நேயர்களே அறிவார்கள். முப்பது நிமிடம் அசையாது எழுதும் குழந்தையை ஒரு நிமிடம் எழுதுகோலை வைத்துவிட்டுக் கையை உதறச் சொல்வது நேர விரயம் அன்று; அடுத்த முப்பது நிமிடத்திற்கு இட்ட முதல்.

நம் முன்னோர் தசையிழையையும் பொட்டாசியத்தையும் அறியார். ஆயினும் பழைய பெருவழிகளின் ஓரத்தில் இன்றும் சில இடங்களில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். நட்ட இரு கற்களின் மேல் குறுக்கே ஒரு கல், ஆளுயரத்தில். பிறர் உதவியின்றிச் சுமையை நின்றபடியே இறக்கவும், மீண்டும் தலையேற்றவும் அமைந்த எளிய அமைப்பு அது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நாட்டும் வழக்கமும் நம் நாட்டில் இருந்தது. வழிப்போக்கனின் சுமையைக் குறைக்க அக்கல்லால் இயலாது. அவன் ஊர் சேரும்பொழுதும் அதே சுமைதான். அது தந்தது இடையில் ஒரு சிறு ஓய்வு மட்டுமே. அந்தச் சிறு ஓய்வே அவனை ஊர் சேர்த்தது.

இன்று நம் கடைகளிலும் அலுவலகங்களிலும் வகுப்பறைகளிலும் அத்தகைய சுமைதாங்கிகளை நாம் எங்கே நட்டிருக்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அசையாமல் நிற்பவரும் உழைப்பவரே.